இடது காதுக்கு நாற்பத்தொரு ரெக்கார்டுகள்

செப்டம்பர் 10, 2005. சனி

வெயில் தொண்ணூற்றெட்டு டிகிரி. இது செப்டம்பர் என்று டெக்ஸாஸுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இன்று செய்ய நினைத்தவை: மீன் வாங்குவது, மகள் ரைஹானாவுக்கு நோட்டுப் புத்தகம், மச்சானின் ஹியரிங் எய்டுக்கு பேட்டரி. மூன்றும் நடக்கவில்லை.

பத்தரைக்குக் கதவு மணி. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் அட்டைப் பெட்டியை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். அரிசி மூட்டை கனம். இங்கிலாந்து ஸ்டாம்பு. மேலே மச்சானின், அதாவது என் வீட்டுக்காரர் நவாஸின் பெயர், எழுத்துப் பிழையோடு. கஸ்டம்ஸ் சீட்டில், பழைய இசைத்தட்டுகள், 41.

மச்சானைத் தோளில் தட்டிக் கூப்பிட்டேன். இப்போதெல்லாம் அவரைக் கூப்பிடுவது என்றால் தட்டுவதுதான். பெட்டியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒரு கடிதம். கெவின் எழுதியது. லீட்ஸில் இவர் எலக்ட்ரானிக்ஸ் படித்தபோது கூட ஒரே வீட்டில் இருந்தவர். மாடிப்படிக்கு அடியில் இவர் விட்டுவந்த பெட்டியாம். வீட்டை விற்கப் போகிறாராம். கடைசி வரி: 'வியாழக்கிழமைகளை மறந்துவிட்டாயா?'

கெவினைத் தெரியும். முட்டையை மைக்ரோவேவில் வைத்து வெடிக்கவிட்ட கதை பத்து தடவை கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை தெரியாது.

"வியாழக்கிழமை என்னா மச்சான்?"

என் வாயையே பார்த்தார். இரண்டாவது தடவை சொன்ன பிறகு, "பாட்டுப் போடுவோம். நானும் கெவினும்."

"எங்க?"

"ஒரு பப்போட மாடியில."

"பப்பா!"

"நான் ஆரஞ்சு ஜூஸ்தான் குடிச்சேன் ஜுலைகா."

பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியபின் ஆரஞ்சு ஜூஸ் சத்தியம். சிரிப்பு வந்தது. கோபம் வருமா என்று காத்திருந்தேன், வரவில்லை. டேப்பை மறுபடி ஒட்டி, செருப்பு அலமாரி பக்கத்தில் பெட்டியைத் தள்ளிவிட்டார். "கேக்காத காதுக்கு எதுக்கு இது."


செப். 12. திங்கள்

நான் வேலை பார்க்கும் டேகேரில் இன்று இரண்டு கடி, ஒரு வாந்தி. எட்டு மணி நேரம் இருபது குழந்தைகளின் சத்தம். பிறகு காரில் ஏறி, சத்தமே இல்லாத வீட்டுக்கு.

அடுத்த வாரம் புது டாக்டர். கேட்பார் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். வலது காது: ஏழு வயதில், அதிராம்பட்டினத்தில், பொன்னுக்கு வீங்கி வந்து அடியோடு போனது. இடது காது: ஐந்து வருஷமாகக் குறைகிறது, காரணம் தெரியாது. முதலில் கதவு மணி போனது. பிறகு பறவை. பிறகு ரைஹானா. பிறகு நான். கீச்சுக் குரல்கள் முதலில் போகுமாம். கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சம். வார்த்தையில் மெய்யெழுத்து போய்விடும், உயிர் மட்டும் வரும். 'புளி எடுத்துட்டு வாங்க' என்றால் துணி எடுத்துக்கொண்டு வருவார். முதல் வருஷம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆபீஸில் ஃபோன் மீட்டிங்தான் பெரிய கஷ்டம். பக்கத்து சீட்டுப் பையன் டைப் அடித்துக் காட்டுகிறான். மேனேஜர் இரண்டு தடவை கேட்டாராம், 'நீ ஏன் மீட்டிங்கில் பேசுவதே இல்லை?' இவர் சொன்ன பதில், 'தொண்டை சரியில்லை.'


செப். 17. சனி

தெருக்கோடியில் கராஜ் சேல், பழைய சாமான் விற்பனை. துண்டு விரித்தாற்போல் புல்வெளி முழுக்கச் சாமான். ரைஹானாவுக்கு நாற்காலி பார்க்கப் போனோம். ஒரு கிழவர், ரெக்கார்டு ப்ளேயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வைத்திருந்தார். நான்தான் நின்றேன். நான்தான் வாங்கினேன். இதை எழுதி வைக்க வேண்டும்.

ரைஹானா ஒயர் எல்லாம் மாட்டினாள். பதின்மூன்று வயதில் எங்கே கற்றுக்கொண்டாளோ. மச்சான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து, ஒன்றை எடுத்து, உறையிலிருந்து உருவி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் விளிம்பை மட்டும் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். அந்தக் கை அசைவை நான் பார்த்ததே இல்லை. வேறு யாரோ ஒருவருடைய கை.

ஊசி வைத்தார். எனக்குக் கேட்டது: மேலே கிடார் சலசலப்பு, தூக்கக் கலக்கத்தில் ஒரு பையன் பாடுகிறான், ஏதோ குலுக்குகிறார்கள், அடியில் டும் டுடும் டும். அவர் ஹியரிங் எய்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளத்தில் படுத்து இடது காதை ஸ்பீக்கரோடு ஒட்டினார்.

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. பிறகு பாதம்.

"கேக்குது," என்றார். கத்திச் சொன்னார், தான் கத்துவது தெரியாமல். "ஜுலைகா, பேஸ் கேக்குது, அந்த அடிச் சத்தம்! முழுசா கேக்குது!"

நான் கரண்டியோடு நின்றேன். சட்டியில் வெங்காயம் கருகியது. பாட்டு முடிகிறவரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

சந்தோஷம். பிறகு, பாத்திரம் கழுவும்போது, சின்னதாக ஒரு குத்தல். யாரோ பதினேழு வருஷம் முன்னால் வாசித்தது அவருக்குப் போய்ச் சேருகிறது. நான் இரண்டடி தூரத்திலிருந்து சொல்வது சேரவில்லை.


செப். 18. ஞாயிறு

காலையிலிருந்து ஏழு ரெக்கார்டு. சில உறைகளில் படம்: குடை, மீன், யாரோ ஒருவருடைய முழங்கால். சிலதில் ஒன்றுமே இல்லை, வெள்ளை லேபிளில் ரப்பர் ஸ்டாம்பு மட்டும்.

சாப்பிடும்போது அவராகவே பேசினார். எவ்வளவு நாள் ஆயிற்று.

"எல்லாம் கிடார் புடிச்ச பசங்க. அதுவரைக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சோகமா பாடிட்டு இருந்தவனுங்க. அந்த ரெண்டு வருஷம் எல்லாருக்கும் திடீர்னு ஆடணும்னு ஆசை வந்துடுச்சு. பழைய ட்ரம்ஸ் சத்தத்தை வெட்டி ஒட்டி, அடியில பேஸ் வச்சு, ஐநூறு காப்பி போடுவானுங்க. இருநூறு போகும். மிச்சம் அவனோட அம்மா வீட்டுல."

"நீங்க ஆடுவீங்களா?"

தட்டைப் பார்த்துச் சிரித்தார். "இடது பக்க ஸ்பீக்கர் முன்னாடி என் இடம். வேற யாரும் அங்க நிக்க மாட்டாங்க. இந்தியன்'ஸ் ஸ்பாட்னே பேரு."

நிக்காஹ் அன்று மேடையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர்.


செப். 20. செவ்வாய்

டாக்டர். காதுக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, வெளியே தலையில் ஒரு மெஷின் மாட்டினால் பேச்சு கேட்கும். இம்ப்ளான்ட் என்று பெயர். இவருக்கு நன்றாகப் பொருந்துமாம். ரைஹானா பேசுவது கேட்கும், ஃபோன்கூடக் கேட்கலாம் என்றார். நான் சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு சொன்னார். வலது காதில் வைத்துப் பலன் இல்லை, முப்பத்து மூன்று வருஷமாகச் செத்த காது, நரம்புக்குச் சத்தமே மறந்திருக்கும். இடதில்தான் வைக்க வேண்டும். வைத்தால் அங்கே மிச்சம் இருக்கிற கனத்த சத்தம் அநேகமாகப் போய்விடும். மெஷின் வழியாகப் பேச்சு வரும். பாட்டு அப்படி வராது. ரொம்பப் பேருக்குப் பாட்டு வெறும் இரைச்சல்தான்.

எல்லாவற்றையும் டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். மச்சான் அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். ஆபரேஷனுக்கு நவம்பர் 15 தேதி பிடித்து வைத்திருக்கிறார்கள். அக்டோபர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது ஃப்ரீவே முழுக்க ட்ராஃபிக். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சாவியை எடுக்காமல், "வேணாம்," என்றார்.

பத்து நாள் முன்னால் இந்தப் பெட்டி வராமல் இருந்திருந்தால் சரி என்று சொல்லியிருப்பார். ப்ளேயர் வாங்கியது நான்.


செப். 25. ஞாயிறு

மழை வரும் என்றார்கள், வரவில்லை.

மாடியில் இருந்தேன், கீழே பாட்டு கேட்டது. எட்டிப் பார்த்தேன். ரைஹானா ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ப்ளேயர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் ஸ்பீக்கரோடு ஒட்டிப் படுத்திருக்கிறார். நடுவில் ஒரு நோட்டுப் புத்தகம். அவருக்குக் கேட்காத மேல் சத்தத்தையெல்லாம் இவள் எழுதுகிறாள். இவளுக்குப் புரியாத பேஸை அவர் வாயால் போட்டுக் காட்டுகிறார்.

பிறகு நோட்டைப் புரட்டினேன், இங்கிலீஷில்: 'இப்போது டம்பரின். இப்போது ஒரு பெண் வருகிறாள், தூரத்தில், பாத்ரூமில் பாடுகிற மாதிரி. கிடார் அழுகிறது. சும்மா, இல்லை, தும்முகிறது.' கீழே மச்சான் கையெழுத்து: 'இந்தப் பெண்ணை மறந்தே போனேன். நன்றி.'

கெவின் இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறாராம், இந்த மாதிரி யாரும் கேட்காத பழைய ரெக்கார்டுகளுக்கு. ரைஹானா நம் பட்டியலை அனுப்பினாள். நாற்பத்தொன்றில் இரண்டு, வேறு யாரிடமும் இல்லையாம். ஜப்பானிலிருந்து ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அப்பாவும் மகளும் பெரிய மனுஷர்கள் மாதிரி நடமாடுகிறார்கள்.

நாளை: டேகேருக்குப் பழைய துணி. பால். இன்ஷூரன்ஸ் பேப்பர்.


செப். 29. வியாழன்

சண்டை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொண்டது என்று கடிதம் வந்தது. காட்டினேன். படித்துவிட்டு ரெக்கார்டு உறைக்கு அடியில் சொருகினார். எனக்கு வந்ததே கோபம். அவர் முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி, ஒவ்வொரு வார்த்தையாக, "அந்தப் பாட்டுக்காரி குரல் வேணும். என் குரல் வேணாம். அப்படித்தானே?"

ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

"அவ குரலும் எனக்குக் கேக்கல ஜுலைகா. அடியில இருக்கறது மட்டும்தான் கேக்குது. எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டு, மெஷினும் வேலை செய்யலன்னா? அப்ப நான் எங்க போவேன்?"

அவர் செவிடாகிவிட்டார் என்று நான் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் ஆகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சப்பாத்தி சுட்டேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.


அக்டோபர் 4. செவ்வாய்

பிறை. நாளை முதல் நோன்பு. மச்சான் ப்ளேயரின் மேல் என் பழைய துப்பட்டாவைப் போட்டு மூடினார். இந்த ஒரு மாசம் பாட்டு கிடையாது. ரைஹானா, "ஹோல் மந்த்?" என்றாள். ஹோல் மந்த்.

வாங்க: பேரீச்சை, கடலை மாவு, நோன்புக் கஞ்சிக்குக் குருணை.


அக். 13. வியாழன்

பள்ளிவாசலிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். படுக்கப் போகும் முன்தான் காரணம் சொன்னார். தராவீஹ் என்கிற நோன்பு கால இரவுத் தொழுகையில் கண்ணை மூடி நின்றிருக்கிறார். ஓதுவது கேட்காததால் எப்போதும் பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் குனிவார், நிமிர்வார். இன்று மனம் லயித்துக் கண்ணை மூடிவிட்டார். திறந்தபோது மொத்தப் பள்ளியும் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில். இவர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தாராம்.

"யாரும் பாக்கல, எல்லார் தலையும் கீழதான் இருந்துச்சு," என்று சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.


அக். 22. சனி

நோன்பு திறக்கும்போது. மூவரும் மேஜையில். ரைஹானா ஒரு மஞ்சள் ஒட்டுத் தாளில் ஏதோ எழுதி வாப்பா பக்கம் நகர்த்தினாள். 'உப்பு ப்ளீஸ்.' உப்பு அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாட்டு நோட்டில் தொடங்கிய பழக்கம், அப்பா மகள் விளையாட்டு, இருவரும் ஒட்டுதலாக இருக்கிறார்கள் என்று சந்தோஷம்தான் பட்டுக்கொண்டிருந்தேன்.

மச்சான் உப்பைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். 'குட்நைட்.' 'நாளைக்கு பஸ் லேட்.' 'உம்மா கூப்பிடுறாங்க.' 'ஓகே.' 'ஓகே.' 'சும்மாதான்.'

"ரைஹானா, நீ என்கிட்ட வாயால பேசி எத்தன நாளாச்சு?"

அவள் பேனாவை எடுத்தாள். அவர் பேனாவின் மேல் கையை வைத்தார். "சொல்லு."

"இட்ஸ் ஈஸியர், வாப்பா." பிறகு, என்னைப் பார்த்து, வேகமாக, இங்கிலீஷில் ஏதோ. அவர் என் பக்கம் திரும்பினார். நான்தான் சொல்லியாக வேண்டும். அவர் முகத்துக்கு நேரே, மெதுவாகச் சொன்னேன்:

"கேக்காமலே கேட்ட மாதிரி தலையாட்டுறீங்களாம். அது புடிக்கலயாம். எழுதினா நீங்க நடிக்க வேண்டாமாம்."

இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை உதடு மட்டும் அசைத்தேன். அவருக்கு அது போதும்.

கஞ்சி ஆறிப்போய்விட்டது. மஃரிபு தொழுதுவிட்டு வந்து, காலண்டரை எடுத்து, நவம்பர் 15ல் தன் கையாலேயே வட்டம் போட்டார். ரைஹானா மாடியில் அழுதுகொண்டிருந்தாள். நான் மேலே போகும் முன் அவர் அவளிடம் போய்விட்டார்.


நவம்பர் 5. சனி

முந்தாநாள் பெருநாள். பிரியாணி சுமார். ரைஹானாவுக்குப் புதுத் துணி அளவு சரியில்லை.

இன்று துப்பட்டாவை எடுத்தார். ஆபரேஷனுக்கு முன் ஒன்பது நாள், நாற்பத்தொரு ரெக்கார்டு, ஒரு நாளைக்கு நாலைந்து. கணக்குப் போட்டு, ரைஹானா அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை என்று அவரே சொல்லிவிட்டார். "திருப்பித் திருப்பிப் போட்டா விட முடியாது."


நவ. 9. புதன்

குடை படம் போட்டது ஓடும்போது எழுந்து வெளியே போய்விட்டார். பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதில் பாடியவன் அவர்கள் தெருவில்தான் இருந்தானாம், ரொட்டிக் கடையில் வேலை. இப்போது எங்கே என்று கெவினுக்கும் தெரியாது.

டேகேரில் ஒரு குழந்தை என்னை 'ம்மா' என்று கூப்பிட்டுவிட்டு வெட்கப்பட்டது.


நவ. 13. ஞாயிறு

அஸர் தொழுகைக்குப் பிறகு, கடைசி ரெக்கார்டு. வெள்ளை லேபிள், பெயரே இல்லை. யார் வாசித்தது என்று கெவினுக்கும் தெரியாது, ஜப்பான்காரருக்கும் தெரியாது.

ரைஹானா ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள். மச்சான் கம்பளத்தைச் சுருட்டினார். "செருப்பக் கழட்டு," என்றார் என்னிடம். "எதுக்கு?" "கழட்டேன்."

ஸ்பீக்கரைத் தரையில் கவிழ்த்தாற்போல் சாய்த்து வைத்து, சத்தத்தை ஏற்றினார். மரத் தரை. பாதத்தின் வழியாக வந்தது, முழங்காலுக்கு, இடுப்புக்கு. எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், ஆனால் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. என் கையைப் பிடித்து அவர் மார்பில் வைத்தார். அங்கேயும் அதுவே அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஆடினார். கையை அதிகம் ஆட்டாமல், தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, பாதத்தை இழுத்து இழுத்து. நாற்பது வயது, தொப்பை, பனியன், கைலி. நன்றாக ஆடினார். நான் எதிரே நின்று ஏதோ அசைந்தேன். ரைஹானா சோபாவில் விழுந்து சிரித்தாள், "ஓ மை காட், உம்மா!"

ஆறு நிமிஷம். முடிந்ததும் ஊசி நடுவில் போய்க் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ரைஹானாதான் எடுத்தாள்.


நவ. 15. செவ்வாய்

ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி. குளிர், ஸ்வெட்டர் மறந்துவிட்டேன். வெயிட்டிங் ரூமில் சத்தமில்லாத டிவி, கீழே எழுத்து ஓடுகிறது, எங்கள் வீட்டு டிவி மாதிரி. ஒரு பாட்டியம்மா நர்ஸிடம், "இந்த முழங்கால் இல்லை, அந்த முழங்கால்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் மச்சான் இடது பக்கத்தைக் காட்டி, "எதையாவது சொல்லு," என்றார்.

குனிந்து காதோடு சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

"வார்த்தை தெரியல. சத்தம் தெரியுது," என்றார். "போதும்."

மூன்று மணி நேரம். நல்லபடியாக முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.


நவ. 18. வெள்ளி

தலையில் பெரிய கட்டு. வலி குறைவு. மெஷினை இப்போது மாட்ட மாட்டார்கள், காயம் ஆற நாலு வாரம்.

நேற்று சாப்பாட்டு மேஜையை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு முட்டியால். பிறகு உள்ளங்கையால் ஓங்கி. என்னைப் பார்த்துக் கையை விரித்தார். ஒன்றும் இல்லை.


டிசம்பர் 2. வெள்ளி

கடையில், "பூண்டு எங்க இருக்கு?" என்று கத்திக் கேட்டார், அத்தனை பேரும் திரும்பினார்கள். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. ரைஹானா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பதின்மூன்று வயதுப் பெண், பொது இடத்தில். வேறு நாளாக இருந்தால் பத்தடி தள்ளி நடப்பாள்.

அவர் ப்ளேயர் இருக்கிற பக்கமே போவதில்லை. நான் துடைக்கும்போது அதன் ஊசிக் கையைத் தொடாமல் துடைக்கிறேன்.


டிச. 13. செவ்வாய்

மெஷின் போட்டார்கள்.

சின்ன அறை. டெஸ்ட் பண்ணுகிற பெண் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயரை அவர் தலையோடு இணைத்தாள். முதலில் பீப். பீப் வந்தபோதெல்லாம் விரலைத் தூக்கினார். பிறகு அந்தப் பெண் எங்களிடம், "பேசுங்கள்," என்றாள்.

ரைஹானா, "வாப்பா," என்றாள்.

அவர் முகம் சுருங்கியது. "வாத்து," என்றார்.

"என்ன?"

"எல்லாரும் வாத்து மாதிரி பேசறீங்க." சிரித்தார், கண்ணில் தண்ணீர். "இன்னொரு தடவ சொல்லு."

வாப்பா வாப்பா வாப்பா. அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில்: "அது என்ன டிக் டிக்?" காரின் இண்டிகேட்டர். "அது என்ன ஸ்ஸ்ஸ்?" என் மடியில் பிளாஸ்டிக் பை. ஐந்து வருஷமாக அவருக்கு 'ஸ்' என்ற எழுத்தே கிடையாது. வீடு வருகிறவரை அந்தப் பையைக் கசக்கிக்கொண்டே வந்தேன்.


டிச. 17. சனி

ஒரு ரெக்கார்டை எடுத்தார். நான் தடுக்கவில்லை. தரையில் படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். ஒரு பக்கம் முழுக்க. விருந்துக்குப் போன வீட்டில் பிடிக்காத பலகாரத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிற மாதிரி.

"எப்படி?"

"தகர டப்பாவுல ஆணியக் கொட்டிக் குலுக்கற மாதிரி."

"பேஸ்?"

தலையை ஆட்டினார். "அடி இல்ல. அடியே இல்ல."

உறையில் போட்டு, பெட்டியில் வைத்து, ரைஹானாவிடம், "ப்ளேயரோட உன் ரூமுக்குக் கொண்டு போ. உனக்குத்தான்," என்றார்.

நான் கராஜுக்குப் போய், அவருக்குக் கேட்டுவிடக்கூடாது என்று வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டு அழுதேன். பாதியில்தான் உறைத்தது, ஐந்து வருஷத்தில் இப்படிப் பயந்தது இன்றுதான். அழுகையும் சிரிப்புமாக இருந்தது. துணியே போடாமல் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.


ஜனவரி 21, 2006. சனி

தினமும் அரை மணி நேரம் காதுக்குப் பயிற்சி. ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியல் முழுக்க இங்கிலீஷ். நான் தமிழில் ஒன்று தயாரித்தேன். வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு வாசிப்பேன். புளி, துணி, கிளி, புலி, வழி, வலி. இன்று இருபதுக்குப் பதினாலு. வழி, வலியில் தவறு. 'அது ஊர்ல பாதிப் பேருக்கு வராது' என்றார்.

குரல்கள் வாத்திலிருந்து கொஞ்சம் மனிதர்களாகி வருகின்றனவாம். நான் இன்னும் முழுக்க ஆகவில்லை.


பிப்ரவரி 18. சனி

கெவினுக்குக் கடிதம் எழுதினார். என்னிடம் காட்டினார். 'எனக்கு இனி அவை கேட்காது. என் மகளுக்குக் கேட்கிறது. எது எங்கே வருகிறது என்று அவள் எழுதி வைத்திருக்கிறாள். சில சமயம் எடுத்துப் படிக்கிறேன்.' அவ்வளவுதான். குளிர் ஃபாரன்ஹீட்டில் இருபத்தெட்டு டிகிரி, சாலையெல்லாம் பனிக்கட்டி.


மார்ச் 14. செவ்வாய்

ஸ்கூல் லீவு வாரம். எனக்கும் ஒரு நாள் லீவு. மச்சான் இன்று வீட்டிலிருந்து வேலை. பதினோரு மணிக்கு ஃபோன் மீட்டிங், பக்கத்து சீட்டுப் பையன் இல்லாமல் முதல் தடவை. காலையிலிருந்து டென்ஷன், இரண்டு காபி. ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் அடுப்பில் சோறு வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். கதவு வழியாகக் குரல் வந்தது. "யெஸ். யெஸ், கோ அஹெட். குட் யூ ரிபீட் த லாஸ்ட் பார்ட்?" அப்புறம் நிறுத்தாமல் ஏதோ பேசினார். தொண்டை சரியாகத்தான் இருக்கிறது.

அப்போது மாடியில் ரைஹானா ஒரு ரெக்கார்டு போட்டாள். சத்தமாக. வீடே டும் டுடும் டும்.

ரூம் கதவு படாரென்று திறந்தது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, தலை மெஷினோடு, மேலே பார்த்து, "ரைஹானா! அந்த இரைச்சலக் கொற! ஃபோன்ல இருக்கேன்!"

"வாப்பா, இட்ஸ் யுவர் ரெக்கார்ட்!" கதவைக்கூடத் திறக்காமல் உள்ளேயிருந்தே கத்தினாள்.

"என் ரெக்கார்டா இருந்தா என்ன? கொறன்னா கொற!"

"ஃபைவ் மினிட்ஸ்!"

"ஒரு நிமிஷம்கூட கெடையாது!"

"யூ'ர் சோ அன்ஃபேர்!"

"யாரு அன்ஃபேர்? என்ன சொன்ன? கீழ வந்து சொல்லு!"

முகத்தைப் பார்க்காமல், உதட்டைப் பார்க்காமல், ஒரு தளம் மேலேயும் ஒரு தளம் கீழேயும் நின்றுகொண்டு இரண்டு பேரும் வாக்குவாதம். அவள் சொல்வதற்கெல்லாம் இவரிடம் பதில் இருந்தது. நான் நடுப்படியில், இருவருக்கும் இடைஞ்சலில்லாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் சோறு அடிபிடிக்கிற வாசனை வந்தது. எழுந்திருக்கவில்லை.